முதுகுவலிக்கு சீரியல் ஆகுமா?

கேள்வி: என் மனைவி தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். முதுகு பிடித்துக்கொண்டு மூன்று வாரமாக வேலைக்குப் போகவில்லை. எலும்பில் ஒன்றும் கோளாறு இல்லை, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ காலையில் டிவியைப் போட்டால் ராத்திரி வரை படுத்தபடியே சீரியல்தான். அழுகையும் சதியும் பார்த்துப் பார்த்தே வலி கூடுகிறது என்பது என் கருத்து. இந்தச் சீரியல்களைத் தடை செய்தால் என்ன?
– பெயர் வேண்டாம், மூணாறு

பதில்: தடை செய்யலாம். அப்புறம் அவர் எதைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்? எஸ்டேட் லயத்து வீட்டுச் சுவரையா, உங்களையா?

சீரியல்மேல் எனக்கும் பெரிய மரியாதை கிடையாது. ஒருவர் கன்னத்தில் அறை விழுந்தால் வீட்டில் இருக்கிற அத்தனை பேர் முகத்தையும் மூன்று தடவை காட்டுகிறார்கள். மாமியார் தூங்கும்போதும் பட்டுப்புடவையும் அட்டிகையுமாகத்தான் தூங்குகிறார். ஆனால் படுத்துக் கிடப்பவருக்கு அந்த இழுவைதான் வசதி. நடுவில் கண் அசந்துவிட்டாலும் கதை அங்கேயேதான் நிற்கும். வலியையே நினைத்துக்கொண்டு கிடப்பதைவிட, யார் வீட்டுச் சொத்தை யார் அபகரித்தார் என்று கவலைப்படுவது உடம்புக்கு நல்லது.

கெடுதல் அந்தப் படுக்கையில்தான் இருக்கிறது. ‘முதுகுவலியா, அசையாமல் படு’ என்பது பழைய வைத்தியம். 1995-ல் பின்லாந்து ஆய்வு ஒன்று வெளியானது. ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களில் திடீர் முதுகுவலி வந்த 186 பேரில் சிலரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள், சிலருக்கு உடற்பயிற்சி கொடுத்தார்கள், மற்றவர்களை வலி தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்க்கச் சொன்னார்கள். கடைசிக் கூட்டம்தான் சீக்கிரம் தேறியது. வழக்கமான வேலை என்றால் கொழுந்து மூட்டை என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். நடப்பது, நிற்பது, தன் துணியைத் தானே மடிப்பது, அவ்வளவுதான்.

சீரியலை வைத்தே அவரை எழுப்பலாம். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போட நம் நாட்டுச் சட்டம் சேனல்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. சோப்பு விளம்பரம் வந்ததும் அவர் எழுந்து லயத்து வாசலில் ஒரு நடை போய் வரட்டும். படுத்துப் பார்க்கும்போது தலையணையைச் சுவரில் முட்டுக்கொடுத்து அரைகுறையாகச் சாய வேண்டாம். முதுகு வில்லாக வளையும். ஒருக்களித்துப் படுத்து முழங்கால் நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்க் குளிருக்கு வென்னீர் ஒத்தடம் சுகமாக இருக்கும். அதை வைத்துவிடும் கை உங்களுடையதாக இருக்கட்டும்.

காலில் பலம் குறைந்தாலோ, மூத்திரம் அடைத்தாலோ, தன்னையறியாமல் போனாலோ, தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ உடனே ஆஸ்பத்திரி. அன்றைக்கு வண்டி பிடிக்க யோசிக்கக் கூடாது.

இனி உங்கள் கருத்துக்கு வருகிறேன். அந்த முதுகு எங்கே கெட்டது? சரிவில் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே வைத்து நின்று, செடிமேல் குனிந்து கத்தரி போட்டு, மழையில் நனைந்து கனத்த மூட்டையைத் தலையில் ஏற்றி எடை போடும் இடம் வரை இறங்கி வருகிறாரே, அங்கே. 2015-ல் மூணாறில் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டு ரோட்டில் உட்கார்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் பிறகு வந்த ஒப்பந்தத்தில் நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. அதே ஒப்பந்தத்தில், ஒரு நாளைக்குக் குறைந்தது எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 ஆனதையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு கிலோவை எந்தச் சீரியல் வில்லியும் ஏற்றி வைக்கவில்லை.

இந்த மூன்று வாரமாக வீட்டில் தண்ணீர்க் குடத்தை யார் தூக்குகிறார், விறகு யார் கொண்டுவருகிறார், சோறு யார் வடிக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. ராத்திரி வரை சீரியல் ஓடுவதை இவ்வளவு துல்லியமாகக் கவனித்திருக்கிறீர்கள் என்றால் நீங்களும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் போல.

அவர் மறுபடி பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகும்போது முதல் சில நாள் முழு மூட்டை தூக்க முடியாது, சரிவு குறைந்த காடாகக் கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் யாராவது போய்ப் பேச வேண்டும். நீங்களே போங்கள். எங்களுக்கு எழுதிய அதே காரத்தோடு அங்கேயும் பேச வந்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், கட்டாயம் பிரசுரிக்கிறோம்.