மஞ்சள் இலைக் குறோட்டன் நிறம் மங்காமல் இருக்க எவ்வளவு வெயில் வேண்டும்?

நேசரியில் வாங்கும்போது பளிச்சென்று மஞ்சளாக இருந்த குறோட்டன், விறாந்தையில் வைத்தபின் துளிரெல்லாம் பச்சையாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் இலை ஹோஸ்டாவுக்குக் காலையில் இரண்டு மூன்று மணி நேர வெயில் போதும் என்று யூடியூபில் யாரோ சொன்னார்களாம், அதையே இதற்கும் வைத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி.

வேண்டாம். ஹோஸ்டா யப்பான், கொரியா, சீனப் பக்கத்துச் செடி. பனிக்காலத்தில் இலையெல்லாம் மடிந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் பல வாரம் குளிரில் கிடந்தால்தான் அடுத்த வருடம் ஒழுங்காக முளைக்கும். இங்கே திருகோணமலையில் மார்கழியிலும் இரவு 20 பாகைக்குக் கீழே போவது அருமை. ரொறன்ரோவில் மச்சாள் வீட்டு வாசலில் அது சட்டி மாதிரி விரிந்து நிற்கிறது, படம் அனுப்பி அனுப்பி என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவாள். அங்கே அவள் சொல்லும் கணக்கு சரிதான்: பச்சை இலை ஹோஸ்டாவை விட மஞ்சளுக்கு வெயில் கூட வேண்டும், முழு நிழலில் வைத்தால் தேசிக்காய் நிறத்துக்குப் போய்விடும், பின்னேர வெயிலில் ஓரம் கருகும். ஆனால் குறோட்டன் மொலுக்காஸ் தீவுகள், மலேசியா, பசிபிக் தீவுகள் பக்கத்துச் சரக்கு. வெயிலுக்குப் பிறந்தது. ஹோஸ்டாவின் பத்தியச் சாப்பாடு அதற்குக் காணாது.

காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான். வெளிச்சம் குறைந்தால் இலை கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்கப் பார்க்கும், அதற்காகப் பச்சையத்தைக் கூட்டும். மஞ்சள் நிறமி உள்ளேயே இருந்தாலும் பச்சை அதை மூடிவிடும். உங்கள் தெருவில் யாராவது தங்க நிற டுரண்டா வேலி வைத்திருந்தால் கையால் விலக்கிப் பாருங்கள். வெளியே பொன், ஒரு சாண் உள்ளே சாதாரணப் பச்சை. ஒரே செடி, ஒரே மண்.

சரி, எவ்வளவு வெயில்? சாடியில் இருக்கிற குறோட்டனுக்குக் காலை வெயில் பத்தரை பதினொரு மணி வரை நேராகப் படவேண்டும். அதற்குப் பிறகு வேம்பின் கீழ் விழுகிற மாதிரி ஓட்டை நிழல் போதும். நிலத்தில் வேர் ஓடிய பெரிய செடி முழுநாள் வெயிலையும் தாங்கும். நான் விவசாயம் படித்தவன் இல்லை, கண்டியில் முழு வெயிலில் சாடியை வைத்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். கண்டியில் கச்சான் காற்று அடிக்காது. இங்கே வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து அந்தக் காய்ந்த காற்று வீசும்போது வெயில் 35 பாகையைத் தொடும், சாடி மண் மத்தியானத்துக்குள் பொரிந்துவிடும். இலை கருகுவது பாதி வெயிலால், பாதி தண்ணீர் ஏறாததால். அந்த மாதங்களில் இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், தூசு மாதிரிச் சிலந்திப்பேன் இருக்கும். இலை சாம்பல் பூத்து மங்கினால் குற்றவாளி அதுதான், வெயில் குறைவு இல்லை. குழாயால் அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் பெரும்பாலும் அடங்கும்.

இனி எந்தப் பக்கம் வைப்பது என்பது. இதைத்தான் ஒரு வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள், நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

தம்பலகாமத்தில் அம்மம்மா வீட்டு வளவிலிருந்து கொண்டுவந்த கொப்புகளை எங்கள் கிழக்கு மதிலோரம் வரிசையாக வைத்திருந்தேன். மஞ்சள் நரம்பு இனம். தெருவால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள், பெருமைக்குச் சொல்லவில்லை. அப்புறம் கிழக்கு வீட்டுக்காரர் மேல்மாடி எழுப்பினார். கட்டட்டும், அவர் காணி, அவர் காசு. ஆனால் மதிலிலிருந்து ஒரு முழம்கூட விடாமல், ஒரு வார்த்தை சொல்லாமல், கட்டடச் சாரத்தை எங்கள் பக்கம் இறக்கிக் கட்டினார். பூச்சு வேலை நடந்த காலம் முழுக்கச் சீமெந்துக் குழம்பு என் செடிகளின் தலையில். கேட்டதற்கு, 'இலைதானே அண்ணை, திரும்ப வரும்' என்றார். ஊரில் இப்போது எல்லாருமே இப்படித்தான். காற்று வருகிற வழியை அடைத்துவிட்டு உள்ளே ஏசி பூட்டுகிறார்கள்.

காலை வெயில் போனதும் செடிகள் பச்சைக்குத் திரும்பின. கொஞ்ச நாளில் மதிலை ஒட்டி நின்றவற்றில் துளிர் மறுபடி மஞ்சளாக வந்தது, வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். எனக்குத்தான் பிடிக்கவில்லை. இந்த இனத்தில் நரம்பு மஞ்சள், இடைவெளி பச்சை. வந்ததோ நேர்மாறு, நரம்பு பச்சை, இடைவெளி வெளிறிய மஞ்சள். அது இரும்புச் சத்து ஏறாத நோய் மஞ்சள். சீமெந்துச் சுண்ணாம்பு மண்ணின் காரத்தைக் கூட்டிவிட்டால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்காது. சிப்பியும் சோகியும் கலந்த கடற்கரை மணலிலும் இதே கதைதான், நீங்கள் உப்புவெளி என்பதால் சொல்கிறேன்.

செடிகளைக் கிளப்பி வீட்டின் வடக்குப் பக்கம் வைத்தேன். வைகாசி, ஆனியில் அங்கே நல்ல வெயில், நிறம் திரும்பியது. ஐப்பசிக்குள் மறுபடி பச்சை. விசயம் இதுதான்: சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்து வடக்கே தாண்டிவிடும். ஆவணி நடுப்பகுதியில் திரும்பவும் தலைக்கு மேலே வந்து தெற்கே சாயும். ஆகவே வருடத்தில் நாலரை மாதம் வடக்குச் சுவருக்கு வெயில், மற்றக் காலம் தெற்குச் சுவருக்கு. தெற்கே நகர்த்தினாலும் ஐப்பசியிலிருந்து மாரி மழை மூட்டம், நிறம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம். இப்போது எல்லாவற்றையும் சாடிக்கு மாற்றி இடம் மாற்றி மாற்றி வைக்கிறேன். முதுகு நோகிறது, நிறம் நிற்கிறது.

உங்கள் சாடியை இன்றைக்கே வெயிலில் தூக்கி வைத்துவிடாதீர்கள். நிழலில் வந்த இலை திடீர் வெயிலில் பழுப்புத் திட்டாக வெந்துபோகும், வெந்தது ஆறாது. முதலில் விறாந்தை ஓரம், பிறகு காலையில் ஒரு மணி நேரம், இரண்டு மூன்று வாரத்தில் பத்தரை மணி வரை கூட்டுங்கள். இடையில் நாலைந்து இலை கொட்டும், குறோட்டனின் குணம் அது. யூரியா போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அது பச்சையைத்தான் தள்ளும், உக்கிய மாட்டெரு கொஞ்சம் போதும். பச்சையாகிப்போன இலைகளை இப்போது கிள்ள வேண்டாம், செடிக்குச் சாப்பாடு அவைதான் சமைக்கின்றன. வெயிலுக்குப் பழகி இரண்டு மூன்று அடுக்குத் துளிர் மஞ்சளாக வந்தபிறகு வெட்டலாம். வெட்டும்போது கையில் பால் படாமல் பாருங்கள், தோல் அரிக்கும், சட்டையில் பட்டால் கறை போகாது.