பல் துலக்கியும் வாய் நாற்றம் போகவில்லையா? நாக்கைப் பாருங்கள்

இரண்டு வேளை பல் துலக்கி, மவுத்வாஷ் கொப்பளித்தும் மதியத்துக்கு மேல் வாய் நாறுகிறது, வயிற்றுக் கோளாறாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வயிறு காரணமாவது அபூர்வம் சார். பெரும்பாலும் வாய்க்குள்தான் விஷயம்.

ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து நாக்கின் பின்பகுதியை மெல்ல வழித்து, சில நொடி கழித்து முகர்ந்து பாருங்கள். மஞ்சள் படிவும் நாற்றமும் இருந்தால் ஆள் அதுதான். அங்கே தங்கும் பாக்டீரியா உணவிலுள்ள புரதத்தைச் சிதைத்து கந்தக வாயுக்களை விடுகிறது. அழுகிய முட்டை வாடை அதனால்தான். நம்மில் பலர் நாக்கு வழிப்பானை முன்பாதியோடு நிறுத்திவிடுகிறோம். குமட்டினாலும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்து டீயிலேயே ஓட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எச்சில் வறண்டால் நாற்றம் கூடும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் சிலருக்கு வாயை உலர்த்தும். அதை நிறுத்தி, அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்.

எனக்கு இருந்தது வேறு: இருமும்போது அரிசிக் குருணை போல வெள்ளையாக, நசுக்கினால் குடலைப் பிரட்டும் வாடையோடு ஒன்று வரும். டான்சில் கல், அதாவது தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில் சதையின் குழிகளில் சேர்ந்து கெட்டியாகும் படிவு. அப்படி வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர். துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் முதலில் பல் மருத்துவர்.