மூன்றாம் முறை சோதனை எழுதுவதா, மரபணு படிப்பதா? திருகோணமலைத் தாய் ஒருவருக்கு எழுதியது

அன்புள்ள தங்கச்சி,

சனிக்கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அழுதுவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு எனக்கு மனம் ஆறவில்லை. மகளுக்கு முன்னால் சிலதைச் சொல்ல முடியவில்லை, சிலதைச் சொல்ல நேரமும் போதவில்லை. ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். தகப்பனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நீங்கள் கேட்டது இதுதான். மகள் இரண்டாம் முறை உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கு வேண்டிய இசட் புள்ளி மயிரிழையில் தவறிவிட்டது. உயிரியல் விஞ்ஞானத்துக்குப் போகலாம். பிள்ளையும் "மரபணு படிக்கப் போறன்" என்று நிற்கிறாள். மாமன்மார் "மூன்றாம் முறை எழுது, இல்லாட்டி வேலையில்லாப் பட்டதாரிதான்" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதிலுக்கு முன், அன்று குசினிக்குள் நடந்ததைச் சொல்லவேண்டும். நீங்கள் தம்பியோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது நானும் மகளும் ஒரு பப்பாசித்துண்டை எடுத்து மசித்தோம். அரைக் கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, மசித்ததை அதில் போட்டு மெதுவாகக் கலக்கி, தேத்தண்ணி வடியில் வடித்தோம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் கண்ணாடிக் கிளாசின் ஓரமாகச் சாய்த்து ஊற்றினோம். இரண்டு நிமிடத்தில், ஸ்பிரிட்டும் பழச்சாறும் சேருமிடத்தில், வெள்ளையாக நூல் நூலாக ஏதோ மிதந்து எழும்பியது. ஈர்க்கால் சுற்றி எடுத்தாள். அதுதான் டிஎன்ஏ, உயிரின் பரம்பரைச் செய்தியைக் காவும் இழை. சவர்க்காரம் கலத்தின் கொழுப்புச் சவ்வை உடைக்கிறது, உப்பு இழைகளை ஒன்றுசேர விடுகிறது, டிஎன்ஏ ஸ்பிரிட்டில் கரையாதபடியால் வெளியே திரள்கிறது. அவ்வளவுதான் வித்தை.

இதைப் பல பிள்ளைகளுக்குச் செய்துகாட்டியிருக்கிறேன். எல்லாரும் "ஐயோ, மூக்குச்சளி மாதிரி" என்று சிரிப்பார்கள். உங்கள் மகளும் சிரித்தாள். பிறகு ஈர்க்கைப் பார்த்தபடியே கேட்டாள்: "ரீச்சர், இதிலை எல்லாமே மரபணுவோ? புரதம் செய்யச் சொல்லுற பகுதி கொஞ்சம்தான் எண்டு படிச்சன். அப்ப மிச்சம் என்ன செய்யுது?"

தங்கச்சி, அந்தக் கேள்வியை ஒரு சின்னக் கேள்வி என்று நினைக்காதீர்கள். மனிதனின் டிஎன்ஏயில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அதில் புரதம் செய்யும் செய்தி இருப்பது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அத்தகைய மரபணுக்கள் சுமார் 20,000 தான். 1990 இல் தொடங்கி 2003 இல் முடித்த மனித மரபணுத்தொகுதித் திட்டம் அந்த எழுத்துகளில் பெரும்பகுதியை வாசித்தது. விடுபட்ட இடங்களை நிரப்பி முழுவதையும் வாசித்து முடிக்க 2022 ஆகிவிட்டது. வாசித்தாயிற்று, ஆனால் "மிச்சம் என்ன செய்யுது" என்பதற்கு உலகத்து ஆய்வுகூடங்கள் இன்றைக்கும் விடை தேடிக்கொண்டிருக்கின்றன. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த இடத்துக்கு ஒரு பிள்ளை தானே வந்து நிற்கிறாள் என்றால், நான் அதைக் கவனிக்காமல் விடமாட்டேன்.

சரி, கேள்வி கேட்பது சோறு போடுமா? நீங்கள் வாய்விட்டுக் கேட்காததும் அதுதான். அதனால் இந்த வேலை நாளாந்தம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

அதே பப்பாசியையே எடுப்போம். வளவில் கன்று வைக்கிறோம், மாதக்கணக்காகத் தண்ணீர் ஊற்றுகிறோம், கடைசியில் பூத்த பிறகுதான் தெரியும் அது ஆண் மரம் என்று. வெட்டி எறிகிறோம். பப்பாசியின் மரபணுத்தொகுதியை 2008 இலேயே வாசித்துவிட்டார்கள். ஆண், பெண், இருபால் எது என்று தீர்மானிக்கும் பகுதி எந்த நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது என்பதும் தெரியும். கன்று நாலு இலை விட்டிருக்கும்போதே ஒரு துண்டு இலையை எடுத்து டிஎன்ஏயைப் பிரித்து, அதைப் பிரதி எடுத்துப் பெருக்கும் பிசிஆர் பொறியில் வைத்தால் விடை வந்துவிடும். அந்தப் பொறி செய்வது, சூடாக்குவதும் ஆறவிடுவதும்தான். ஏறத்தாழ 95 பாகை சூட்டில் இழை இரண்டாகப் பிரியும், சூட்டைக் குறைத்தால் நாம் போட்ட சிறு டிஎன்ஏத் துண்டு தனக்குரிய இடத்தைத் தேடி ஒட்டும், 72 பாகையில் நொதியம் புது இழையைக் கட்டும். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும். முப்பது சுற்றில் நூறு கோடிக்கு மேல். கொரோனாக் காலத்தில் நம் மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்ததை வைத்துச் செய்ததும் இதே பிசிஆர்தான், அங்கே முதலில் வைரசின் ஆர்என்ஏயை டிஎன்ஏயாக மாற்றவேண்டும் என்பது மட்டும் மேலதிகம்.

இந்த வேலை பார்ப்பவருக்கு என்ன வேண்டும்? மைக்ரோ லீற்றர் கணக்கில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத துளிகளை, நாள் முழுக்கப் பிழையில்லாமல் எடுத்து வைக்கும் கை. பத்து முறை செய்து ஒன்பது முறை வராவிட்டாலும் பதினோராம் முறை செய்யும் பொறுமை. அப்புறம், செய்ததையெல்லாம் அன்றைக்கே கொப்பியில் எழுதிவைக்கும் பழக்கம். மூளை இதற்குப் பிறகுதான். ஈர்க்கை அவள் பிடித்த விதத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரப்படாத கை.

இப்போது தகப்பனுக்குச் சொல்கிறேன். தம்பலகாமத்தில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்பவருக்குக் கபில நிறத் தத்திப் பூச்சியைப் பற்றி நான் சொல்லித்தரத் தேவையில்லை. பயிரின் அடியில் இருந்து சாறு உறிஞ்சி, வட்டம் வட்டமாக வயலைக் கருக்கிவிடும். அந்தத் தத்தியைத் தாங்கும் மிகப் பேர்போன மரபணுக்களில் ஒன்று எங்கே கிடைத்தது தெரியுமா? நம் நாட்டுப் பழைய நெல்லில், ரது ஹீனடியில். பிபிஎச் 3 என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பல நாடுகள் கூடி நெல்லின் பன்னிரண்டு நிறமூர்த்தங்களையும் 2005 இல் வாசித்து முடித்தபடியால், அந்தக் குணம் துல்லியமாக எங்கே இருக்கிறது என்று தேடுவது இலகுவாயிற்று. 2015 இல் சீன விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்து, அது ஒன்றல்ல, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சில மரபணுக்களின் கூட்டு என்று காட்டினார்கள். எங்கள் நெல், எங்கள் கமக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த விதை. பிரித்தெடுத்தவர்கள் வேறு நாட்டவர். இதை நான் மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன். கன்னொறுவையில் விதை வங்கி இருக்கிறது, பத்தலகொடையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீங்கள் விதைக்கும் பிஜி இனங்கள் அங்கிருந்து வந்தவைதான். அங்கே வேலை பார்க்க, வயலின் வாசமும் தெரிந்து ஆய்வுகூடத்தின் கையும் உள்ள பிள்ளைகள் தேவை. வயற்கார வீட்டுப் பிள்ளைக்கு இது குறை அல்ல, தகுதி.

வேறு கதவுகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். தலசீமியா என்ற இரத்த நோய் வடமேல், வடமத்திய, ஊவா மாகாணங்களில் கூடுதலாக இருக்கிறது, குருநாகலில் அதற்கென்றே ஒரு தேசிய நிலையம் நடக்கிறது. தாயும் தகப்பனும் நோய் இல்லாமலே அந்த மரபணுவைக் காவுபவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. கலியாணத்துக்கு முன் அதைச் சோதிப்பதும், தம்பதிக்கு விளங்கப்படுத்துவதும் மரபணு தெரிந்தவர்களின் வேலை. அதே நோய்க்கு மரபணுவைத் திருத்தும் கிறிஸ்பர் முறைச் சிகிச்சைக்கு 2023 இல் பிரித்தானியா அனுமதி கொடுத்தது. நீதிமன்றத்துக்கும் இந்தப் படிப்பு வேண்டும். சுனாமிக்குப் பிறகு கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்த 81ஆம் இலக்கக் குழந்தையை மறந்திருக்கமாட்டீர்கள். அந்தக் குழந்தையைப் பெற்றவர்கள் யார் என்பதை 2005 பெப்ரவரியில் ஒரு டிஎன்ஏ பரிசோதனைதான் தீர்த்துவைத்தது.

இனி, யாரும் உங்களிடம் சொல்லாத கசப்பான பக்கம். உயிரியல் விஞ்ஞானப் பட்டம் எடுத்தவுடன் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. அது எம்எல்டி என்ற தனியான மருத்துவ ஆய்வுகூடப் படிப்பு, இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். மரபணு வேலைக்கு முதல் பட்டம் தொடக்கம் மட்டுமே. மூன்று வருடப் பொதுப்பட்டத்தோடு நின்றால் பெரும்பாலும் ஆசிரியத் தொழில்தான். நல்ல தொழில், நானே அதில் முப்பது வருடம் இருந்தவள், ஆனால் மகள் கேட்பது அதுவல்ல. அவள் நாலு வருடச் சிறப்புப் பட்டம் பிடிக்கவேண்டும், அதற்கு முதல் வருடங்களின் பெறுபேறு முக்கியம். பேராதனையில் மூலக்கூற்று உயிரியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் பட்டமேற்படிப்புக் கொடுக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் உண்டு. வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகம் வீட்டுக்குக் கிட்ட. எங்கே கிடைத்தாலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். தமிழில் உயர்தரம் எடுத்த பிள்ளைகள் தடுக்கி விழுவது பாடத்தில் அல்ல, முதல் ஆறு மாத ஆங்கிலத்தில். பெறுபேற்றுக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் கிடைக்கும் மாதங்களை அதற்கு ஒதுக்குங்கள். தையல் வகுப்புக்கு இப்போது அனுப்பவேண்டாம்.

திருமலையிலேயே இந்த வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு மிகக் குறைவு. பிள்ளை வெளியில் போகத்தான் வேண்டும், அநேகமாகக் கடல் தாண்டியும். செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை, வருமானம் குறைந்த வீட்டுக்கு மகாபொல புலமைப்பரிசில் உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் செய்பவருக்குப் பெரும்பாலும் அவர்களே உதவித்தொகை தருகிறார்கள். ஆனால் இலட்சக்கணக்கில் காசு வாங்கி "பயோடெக்" பட்டம் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களுக்குக் கையெழுத்து வைக்கமுன், அந்தப் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்று என்னிடம் ஒருமுறை கேளுங்கள்.

மூன்றாம் முறைக்கு வருவோம். பல வருடங்களுக்கு முன் ஒரு பையனுக்கு நானே "இன்னொரு முறை எழுது, நிச்சயம் டொக்டர்தான்" என்று சொன்னேன். கையில் இருந்த உயிரியல் விஞ்ஞான இடத்தை விட்டான். மூன்றாம் முறை புள்ளி இறங்கியது. அவனுக்கு மருத்துவத்தில் பெரிய ஆசை இருக்கவில்லை, வீட்டுக்கும் எனக்கும்தான் இருந்தது. அவன் என்னைக் குறை சொன்னதே இல்லை. பிழை என்னுடையது. அன்றிலிருந்து மூன்றாம் முறை என்று வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: டொக்டர் என்ற பெயரை எடுத்துவிட்டால், நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த வேலை உனக்கு வேண்டுமா? வேண்டும் என்று கண் கலங்கிச் சொல்பவரை எழுத விடுவேன். உங்கள் மகளிடமும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "இரத்தம் பார்க்கப் பயமில்லை ரீச்சர், ஆனா எனக்கு ஏன் எண்டுதான் தெரியவேணும்" என்றாள். அது டொக்டரின் பதில் அல்ல, ஆராய்ச்சியாளரின் பதில். அதனால் மூன்றாம் முறை வேண்டாம் என்பது என் முடிவு.

போகப்போகப் பிடிக்காவிட்டால்? பாதை மாறலாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் எடுத்த பிறகுதான் உயிரியலை அடியிலிருந்து படிக்கத் தொடங்கினார். மரபணுவின் செய்தியை வாசித்துப் புரதம் கட்டும் ரைபோசோமின் அமைப்பைக் காட்டி 2009 இல் நோபல் பரிசு பெற்றார். மகளுக்கும் கணிதம் வசப்படும் என்கிறாள். கணினியில் மரபணு வரிசைகளை ஆராயும் உயிர்த்தகவலியல் என்ற பிரிவுக்கு அது பெரிய பலம். நெல், பப்பாசி, மனிதன் எல்லாவற்றின் வரிசையும் இணையத்தில் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. பிளாஸ்ட் என்ற தேடுகருவியில் ஒரு வரிசையைப் போட்டால், அது எந்தெந்த உயிரில் இருக்கிறது என்று காட்டும். உப்புவெளியில் வீட்டுத் திண்ணையில் இருந்து இன்றிரவே செய்யலாம். ஒரு பழைய லப்டொப்பும் டேட்டாவும் போதும்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் மூன்று பேருமாக வாருங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருட அனுமதிக் கைநூலைக் கொண்டுவாருங்கள், தமிழிலேயே இருக்கிறது. விருப்ப ஒழுங்கை நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், மகள் தன் கையால் நிரப்பட்டும். மாமன் வர விரும்பினால் அவரையும் கூட்டிவாருங்கள், கோபிக்கமாட்டேன். அன்று மிஞ்சிய பப்பாசி விதையைக் காயவைத்து ஒரு சரையில் சுற்றி வைத்திருக்கிறேன். மகள் கேட்டிருந்தாள்.

அன்புடன்,
ரீச்சர்