கொன்ட்ரோலர் மாற்றும்போது செட்டிங் தொலையாமல் இருக்க: கேள்வி பதில்

மெஷினை ஓட்டும் கொன்ட்ரோலரை (பிஎல்சி) மாற்றுவது பற்றி, கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் தம்பிமார் கேட்டவற்றுக்கு, தெரிந்தவரை விளக்கமாகப் பதில் தருகிறேன்.

அண்ணா, பியகமவில் ஒரு பக்கிங் மெஷின். பழைய மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூ கொன்ட்ரோலரில் இருந்து புரோகிராமை எடுத்துப் புது யூனிட்டில் போட்டோம். மெஷின் ஓடுகிறது, ஆனால் பையின் நீளம், சீல் நேரம் எல்லாம் சைபர். புரோகிராம் பிழையா?

புரோகிராம் சரி தம்பி, டேட்டாதான் வரவில்லை. ஒப்பரேட்டர் திரையில் அடிக்கும் நீளம், நேரம், எண்ணிக்கை எல்லாம் டி ரெஜிஸ்டர்களில் (கொன்ட்ரோலருக்குள் எண்களை வைக்கும் இடங்கள்) போய் உட்காருகின்றன. எஃப்எக்ஸ்3யூவில் சாதாரண செட்டிங்கில் டி200க்கு மேலே உள்ளவை கரண்ட் போனாலும் மறக்காதவை. மெஷின் செய்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இவற்றை வைப்பார்கள். மிட்சுபிஷியின் சொஃப்ட்வெயாரான ஜிஎக்ஸ் வேர்க்ஸ்2வில் 'ரீட் ஃப்ரம் பிஎல்சி' திறந்து பாருங்கள். பாராமீட்டர், புரோகிராம் தவிர 'டிவைஸ் மெமரி' என்று தனியாக ஒரு டிக் இருக்கும். அதைப் போடாமல் எடுத்தால் லாஜிக் வரும், எண்கள் வராது. புது யூனிட்டுக்கு எழுதும்போதும் அதே டிக் வேண்டும்.

பழைய யூனிட்டை இன்னும் எறியவில்லையென்றால், பற்றரியைக் கழற்றாமல் மேசையில் வைத்து கரண்ட் கொடுத்து, டிவைஸ் மெமரியை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள். அவுட்புட் வயர்கள் எதுவும் தேவையில்லை, ஸ்டொப்பில் வைத்தே எடுக்கலாம். யூனிட் செத்துவிட்டதென்றால் ஒப்பரேட்டரின் கொப்பிதான் கதி. பல இடங்களில் பழைய ஒப்பரேட்டர் அக்காமார் பை சைசுக்கு ஒரு பக்கமாக எழுதி வைத்திருப்பார்கள், முதலில் அவர்களைக் கேளுங்கள். இனி எந்த மெஷினுக்குக் கை வைக்குமுன்னும் திரையில் உள்ள செட்டிங் பக்கங்கள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

அதே மொடல்தான் அண்ணா. பற்றரி இறங்கியதைக் காட்டும் 'பற்' லைட் எரிகிறது. சனிக்கிழமை மெஷினை ஓஃப் பண்ணி மாற்றலாமா?

பக்கப் எடுக்காமல் ஓஃப் பண்ணவே வேண்டாம். எஃப்எக்ஸ்3யூவில் மெமரி கெசட் போடாவிட்டால் புரோகிராமே பற்றரியில் தொங்கும் ரேமில் இருக்கிறது. எஃப்எக்ஸ்3ஜி அப்படியில்லை, அதில் புரோகிராம், பற்றரி இல்லாமலே அழியாத ஈஈபிரொமில் இருக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, பற்றரி இறங்கிய கொன்ட்ரோலரில் புரோகிராம் அழிய அப்படி ஒரு நாள் போதும். ஆகவே இன்றே லப்டொப்பைக் கொண்டுபோய், ஓடும் மெஷினிலேயே எல்லாவற்றையும் எடுங்கள். பிறகு பவரை ஓஃப் பண்ணி, பழைய பற்றரியின் கனெக்டரைக் கழற்றி 20 செக்கனுக்குள் புதியதைச் செருகுங்கள். புதியதை உறையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே பழையதைக் கழற்ற வேண்டும்.

ரத்மலானையில் சீமென்ஸ் எஸ்7-300 கொன்ட்ரோலர். அதன் சிபியூ (புரோகிராமை ஓட்டும் யூனிட்) சில நேரம் தானாக ஸ்டொப் ஆகிறது. மெமரி கார்டைக் கழற்றிப் புது சிபியூவில் போட்டால் போதும் என்கிறார் சூப்பர்வைசர். சரியா?

பாதி சரி. அதே ஓர்டர் நம்பர் உள்ள சிபியூ என்றால் புரோகிராமும் ஹார்ட்வெயார் கொன்ஃபிகரேஷனும் கார்டோடு வரும். ஆனால் டேட்டா புளொக்குகளில் (செட்டிங் எண்கள் இருக்கும் இடம்) இப்போது ஓடும் மதிப்புகள் சிபியூவுக்குள் இருப்பவை. கார்டில் இருப்பது ஆரம்ப மதிப்பு. பழைய சிபியூ இன்னும் உயிரோடு இருக்கும்போதே லைனை நிறுத்தி, சிபியூவை ஸ்டொப்பில் வைத்து, சீமென்ஸின் சொஃப்ட்வெயாரான சிமாற்றிக் மெனேஜரில் 'கொப்பி ரேம் டு ரொம்' கொடுங்கள். இப்போதைய மதிப்புகள் கார்டுக்குப் போய்விடும். அப்புறம் பவரை ஓஃப் பண்ணித்தான் கார்டைக் கழற்ற வேண்டும்.

அந்தக் கார்டை லப்டொப்பின் கார்ட் ரீடரில் போட்டு, விண்டோஸ் 'ஃபோர்மட் பண்ணவா' என்று கேட்டால் தயவுசெய்து ஓம் சொல்லாதீர்கள். சிபியூ அந்தக் கார்டை அதன்பிறகு ஏற்காது.

இன்னொன்று: எஸ்7-300இல் இருந்து அப்லோட் பண்ணினால் கொமென்டும் சிம்பல் பெயர்களும் வராது. வெறும் முகவரிகளை வைத்து ஃபோல்ட் தேடுவது பெரும்பாடு. மெஷின் வாங்கியபோது வந்த ஒரிஜினல் புரொஜெக்டை எப்படியாவது தேடி எடுங்கள்.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டன்ஃபொஸ் டிரைவ் ஒன்று மாற்ற வேண்டும். பாராமீட்டர் எல்லாம் கையால் அடிக்கவா?

தேவையில்லை. மோட்டாரை நிறுத்தி, 0-50 என்ற பாராமீட்டரில் 'ஓல் டு எல்சிபி' கொடுத்தால் எல்லாம் கீபேடுக்குள் (அதுதான் எல்சிபி) போய்விடும். கீபேடைப் புது டிரைவில் பொருத்தி 'ஓல் ஃப்ரம் எல்சிபி'. டிரைவ் சைஸ் வேறென்றால் 'சைஸ் இண்டிபெண்டன்ட்' என்பதை எடுத்து, மோட்டார் தகட்டில் உள்ளவற்றை மட்டும் கையால் அடியுங்கள்.

பாஸ்வேர்ட் போட்டிருக்கிறார்கள். புறக்கோட்டையில் உடைக்கிற சொஃப்ட்வெயார் விற்கிறார்களாம்?

ஓடும் மெஷினில் அதைத் தொடாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஒரே பிரதி அந்த கொன்ட்ரோலருக்குள் இருப்பதுதான், அது போனால் எங்கே போவது? மெஷின் செய்த கம்பனிக்கு சீரியல் நம்பரோடு மெயில் போடுங்கள்.

எடுத்த பக்கப் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஸ்பெயார் யூனிட் ஒன்றில் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். சொஃப்ட்வெயாரில் 'வெரிஃபை' கொடுப்பது அடுத்தபடி. மெஷினிலேயே புதியதைப் போடுவதென்றால் மோட்டார் பிரேக்கர்களை ஓஃப் பண்ணி, காற்று வால்வை மூடி, கொன்ட்ரோல் சப்ளையை மட்டும் கொடுங்கள். சென்சர் ஒவ்வொன்றையும் கையால் மறைத்து, சரியான இன்புட் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எமர்ஜென்சி ஸ்டொப்பை அழுத்திப் பாருங்கள். திரையில் உள்ள எண்களைப் போனில் எடுத்த படத்தோடு ஒன்றொன்றாக ஒப்பிடுங்கள். எல்லாம் ஒத்துப்போன பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போடலாம்.