அண்ணாச்சி பதில்கள்: கதவு தட்டப்படும்போது

ஜப்பானிய வீடியோ கேம் படைப்பாளி ஹிடேயோ கொஜிமா உருவாக்கிவரும் ‘ஓ.டி.’ என்னும் உளவியல் திகில் விளையாட்டைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த முறை பதில்கள் முழுவதும் அந்த ஒரே பொருளைப் பற்றியே அமைகின்றன.

அண்ணாச்சி, திகில் விளையாட்டு வேறு, உளவியல் திகில் விளையாட்டு வேறு என்கிறார்கள். பேய் வந்தால் பயம் வரும். இதில் வேறுபாடு எங்கே இருக்கிறது?
*கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை*

தம்பி, இதற்கு ஒரு கொடை இரவிலிருந்துதான் நான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடையில், நள்ளிரவு தாண்டியதும் சாமியாடி தீப்பந்தத்தை ஏந்தி, வல்லயத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் புறப்படுவார். அதுவரை முழங்கிக்கொண்டிருந்த மேளமும் மகுடமும் சட்டென்று நின்றுவிடும். அவர் போகிற வழியில் யாரும் எதிரே வரக்கூடாது என்பதால் வீட்டுக் கதவுகளை எல்லாம் சாத்திவிடுவார்கள். எட்டு வயதில், சாத்திய கதவுக்கு உட்புறமாக ஆச்சியின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்று, அவர் இடுப்பு மணிகளின் ஓசை தெருமுனையிலிருந்து நெருங்கி வந்து, எங்கள் வாசலைக் கடந்து, வாய்க்கால் பாலத்துப் பக்கம் தேய்ந்து மறைவதை மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டிருக்கிறேன். எட்டிப் பார்த்திருந்தால், பகலில் வயலில் நாற்றுக்கட்டு சுமக்கும் எங்கள் பெரியப்பாவைத்தான் பார்த்திருப்பேன். பார்க்கவில்லை என்பதால்தான் அந்த மணியோசை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

உளவியல் திகில் விளையாட்டு அந்தச் சாத்திய கதவை நம்பி எழுவது. 1999-இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘சைலன்ட் ஹில்’ இதற்கு நல்ல சான்று. அன்றைய பிளேஸ்டேஷன் இயந்திரத்தால் தொலைவில் உள்ள தெருக்களையும் கட்டடங்களையும் ஒரே நேரத்தில் வரைந்து காட்ட முடியாது. அந்தக் குறையை மறைக்க ஊர் முழுவதும் மூடுபனியைப் பரப்பினார்கள். அந்த மூடுபனியே அந்த விளையாட்டின் உயிராகிவிட்டது. ஆட்டக்காரர் கையில் ஒரு சிறு வானொலிப் பெட்டி இருக்கும். ஏதோ ஒன்று அருகில் வரும்போது அது இரையத் தொடங்கும். எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் என்பதைப் பனிக்குள் நடந்துதான் அறிய வேண்டும்.

2001-இல் வந்த அதன் இரண்டாம் பாகம் இன்னும் ஆழமாகப் போனது. இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்ததாக நம்பி ஒருவன் அந்த ஊருக்கு வருகிறான். அங்கே அவன் எதிர்கொள்ளும் உருவங்கள் அவன் மனத்துக்குள் புதைத்து வைத்த குற்றவுணர்வின் வடிவங்கள். கதைக்குப் பல முடிவுகள் உண்டு. எந்த முடிவு வேண்டும் என்று விளையாட்டு உங்களிடம் கேட்பதே இல்லை. வழியில் ஒரு பெண் ஒப்படைத்த கத்தியைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தாலும், காயம்பட்ட உடம்போடு மருந்து போட்டுக்கொள்ளாமல் நெடுநேரம் திரிந்தாலும், ‘இவனுக்கு உயிர்மேல் ஆசை இல்லை’ என்று அது கணக்கு வைத்துக்கொண்டு, மிகத் துயரமான முடிவை நோக்கி உங்களைக் கொண்டுபோகும். போலந்து நாட்டின் புளூபர் டீம் 2024-இல் இதைப் புதிதாக உருவாக்கி வெளியிட்டிருக்கிறது. இன்றைய கணினியில் அதையே விளையாடிப் பார்க்கலாம்.

‘ஓ.டி.’யில் அப்படி என்ன புதிதாகச் செய்யப் போகிறார்? நடிகர்கள், திரைப்பட இயக்குநர் என்று பெயர்களைப் பார்த்தால் அது சினிமாவாகவே தோன்றுகிறது.
*வாசகி, தென்காசி*

உங்கள் ஐயம் நியாயமானது. 2023 டிசம்பரில், அமெரிக்காவில் நடந்த ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் இந்த விளையாட்டு முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பிரிவு துணை நிற்கிறது. திகில் படங்களால் பெயர்பெற்ற இயக்குநர் ஜோர்டான் பீல் கூட்டாளியாகச் சேர்ந்திருக்கிறார். ஒரு மனிதர் எவ்வளவு பயத்தைத் தாங்குவார், அந்த அளவு மீறினால் அவருக்கு என்ன ஆகும் என்பதே அதன் பொருள் என்றும், அளவுக்கு மீறிய மருந்தைக் குறிக்கும் ‘ஓவர்டோஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கத்தைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இது விளையாட்டு, அதே நேரத்தில் திரைப்படம், அதே நேரத்தில் ஒரு புதிய ஊடகம் என்பது கொஜிமாவின் கருத்து.

‘புதிய ஊடகம்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்குச் சற்றுக் கவலை வரும். முகத்தின் மயிர்க்கால் தெரியும்படி நடிகர்களை வரைவது பெரிய தொழில்நுட்பம்தான். ஆனால் பயம் மயிர்க்காலில் குடியிருப்பதில்லை. அதை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர் கொஜிமாவே. 2014 ஆகஸ்டில், பிளேஸ்டேஷன் 4-இல், யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரில் ‘பி.டி.’ என்றொரு சிறு விளையாட்டை இலவசமாக வெளியிட்டார்கள். அதில் இருந்தது நம் ‘ட’ எழுத்தைப் போல வளைந்த ஒரே ஒரு நடைகூடம். கடைசிக் கதவைத் திறந்தால் அதே நடைகூடத்தின் தொடக்கத்துக்கே வந்து நிற்பீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மட்டும் மாறியிருக்கும்: விளக்கு ஆடும், குளியலறைக் கதவு சிறிதே திறந்திருக்கும், வானொலி வேறு ஏதோ பேசும். முழுவதையும் கடந்தவர்களுக்குத்தான் அது கொஜிமாவும் இயக்குநர் கியர்மோ டெல் டோரோவும் சேர்ந்து செய்யவிருந்த ‘சைலன்ட் ஹில்’ வரிசைப் புது விளையாட்டின் முன்னோட்டம் என்பது தெரிந்தது. மறு ஆண்டே அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, ‘பி.டி.’யும் இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. நின்றுபோன அந்த வேலையின் ஏக்கம் ‘ஓ.டி.’க்குள் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

என் கவலையைக் குறைத்தது 2025 செப்டம்பரில் அவர்கள் காட்டிய ‘நாக்’ என்னும் முன்னோட்டம். ஒரு பெண்ணின் கை தீக்குச்சியை உரசி மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறது, கதவு தட்டப்படுகிறது. பெரும்பகுதி இவ்வளவுதான். தட்டும் ஓசைக்கு எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்பு வேண்டாம்; ‘ராத்திரி வாசலில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் முறைதான் பதில் கொடுக்க வேண்டும்’ என்று கேட்டு வளர்ந்த நமக்குச் சொல்லவே வேண்டியதில்லை. திரைப்படம் என்றால் அந்தப் பெண் கதவைத் திறப்பாள், நாம் நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்திருப்போம். விளையாட்டிலோ நம் கட்டைவிரல் அழுத்தாத வரையில் கதவு திறக்காது. திறந்த பிறகு வருவது எதுவானாலும் அதை உள்ளே விட்டவர் நாமே. அந்தப் பொறுப்பை ஆட்டக்காரரின் கையிலேயே விட்டுவைத்தால் நீங்கள் அஞ்சுவதுபோல் இது சினிமாவாக முடியாது. நடிகர்களின் முகத்துக்காக அதைக் காட்சியாக்கிவிட்டால், உங்கள் ஐயமே சரி என்று இதே பக்கத்தில் எழுதுவேன்.

பதின்மூன்று வயது மகன் தன் அத்தான் வீட்டில் இந்த மாதிரி விளையாட்டை விளையாடிவிட்டு வந்து, இரண்டு இரவாகத் தூக்கத்தில் அலறுகிறான். திருநீறு போட்டுவிட்டோம். என்ன செய்யலாம் ஐயா?
*ஒரு தாய், அம்பாசமுத்திரம்*

அம்மா, திருநீறு போட்டது நல்லதே. அம்மாவின் கை நெற்றியில் படுவதே பிள்ளைக்குப் பெரிய தைரியம். அதோடு, என்ன பார்த்தான் என்பதைப் பகல் வெளிச்சத்தில் முழுவதுமாகச் சொல்லச் சொல்லுங்கள். இடையில் திட்டாமல் கேளுங்கள். இந்த விளையாட்டுகளின் உறையிலும் இணையக் கடையிலும் வயது எண் போட்டிருக்கும். மேலே நான் சொன்ன ‘சைலன்ட் ஹில்’ இரண்டாம் பாகத்தின் 2024 பதிப்புக்கு ஐரோப்பாவில் 18 என்ற எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணை அத்தானிடம் காட்டிப் பேசுங்கள். இருட்டறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடுவது பெரியவர்களையே உலுக்கும். அலறல் சில வாரங்களுக்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

திகில் விளையாட்டுகளில் மனநல மருத்துவமனையும் மனநோயாளியும்தான் எப்போதும் பயமுறுத்தும் பொருள்கள். இது எங்கள் நோயாளிகளுக்கு இழைக்கும் கொடுமை அல்லவா?
*செவிலியர், வள்ளியூர்*

ஆம், கொடுமைதான். இடிந்த மருத்துவமனையையும் கட்டிலில் கட்டப்பட்ட மனிதரையும் காட்டிப் பயமுறுத்தியவர்கள் ஏராளம். நம் பக்கத்திலும் குரல் கேட்கிறது என்று சொன்ன பெண்ணுக்குப் ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று முடிவு கட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா அப்படித்தான் பல ஆண்டுகள் வீட்டுப் பின்கட்டை விட்டு வெளியே வராமல் வாழ்ந்தார். அந்த அக்காவின் காதில் என்ன கேட்டது என்று எங்களில் ஒருவர்கூட விசாரிக்கவில்லை.

அதை விசாரித்த ஒரு விளையாட்டு உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள நிஞ்சா தியரி நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ‘ஹெல்பிளேட்’ அது. அதன் நாயகி செனுவாவுக்குக் குரல்கள் கேட்கும். அந்தக் குரல்களை உருவாக்குவதற்கு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநலப் பேராசிரியர் பால் பிளெட்சரையும், உண்மையிலேயே குரல்கள் கேட்ட அனுபவம் உடையவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். மனிதர் இரண்டு காதால் கேட்பதுபோலவே பதிவு செய்யும் ஒலிவாங்கியைச் சுற்றி நடந்தபடி நடிகைகள் பேசினார்கள். ஆகவே ஹெட்போன் வழியாகக் கேட்டால் ஒரு குரல் இடத்தோளுக்குப் பின்னாலிருந்து ஏளனம் செய்யும், மற்றொன்று வலப்பக்கம் வந்து ‘திரும்பிப் பார்’ என்று எச்சரிக்கும். சில நேரம் அந்த எச்சரிக்கை உங்கள் உயிரையும் காப்பாற்றும். செனுவாவாக நடித்த மெலினா யூர்கன்ஸ் அந்த நிறுவனத்தில் காணொளித் தொகுப்பாளராக இருந்தவர். அந்த நடிப்புக்காக 2018-இல் பாஃப்டா விருது பெற்றார். நோயாளியைப் பார்த்துப் பயப்படச் சொல்லாமல், நோயாளி எதைக் கேட்டுப் பயப்படுகிறார் என்பதை நம் காதில் வைத்த அந்த நேர்மையைத்தான் வரப்போகிற விளையாட்டுகள் எல்லாவற்றிடமும் நான் எதிர்பார்க்கிறேன்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, தேரிக்காட்டில் நடக்கும் ஒரு திகில் விளையாட்டை உருவாக்க நினைக்கிறோம். இசக்கியைப் பேயாக வைக்கலாமா? அண்ணாச்சியின் யோசனை என்ன?
*மூன்று நண்பர்கள், சாத்தான்குளம்*

தம்பிமாரே, இசக்கியைப் பேயாக வைக்க வேண்டாம். தெய்வக்குற்றம் வரும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் பக்கத்துச் சிறுதெய்வங்கள் பல, அநியாயமாகச் சாகடிக்கப்பட்டவர்கள். இசக்கியின் கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். நம்பிக் கூடச் சென்ற பெண்ணை நகைக்காகக் கொன்ற கதை அது. ஊர் அவளுக்குப் பொங்கலிடுவதில் பக்தியும் இருக்கிறது, பழி நம்மேல் விழுமே என்ற நடுக்கமும் இருக்கிறது. ‘சைலன்ட் ஹில்’ பல கோடி செலவில் தேடிய குற்றவுணர்வு உங்கள் ஊர் எல்லையில் மஞ்சணை பூசி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஆட்டக்காரரை அவளால் துரத்தப்படுபவராக வைக்காதீர்கள். அவளைக் கொன்றவனின் வழிவந்தவராக வையுங்கள்.

தேரி என்ற இடத்தேர்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சுவீடனின் பிரிக்ஷனல் கேம்ஸ் 2010-இல் வெளியிட்ட ‘அம்னீசியா’வில் ஆட்டக்காரருக்கு ஆயுதமே கிடையாது, இருட்டில் நின்றால் புத்தி தடுமாறும், விளக்கு எண்ணெயோ குறைந்துகொண்டே வரும். தேரியில் சுவரும் இல்லை, கதவும் இல்லை, இருட்டுகூட வேண்டாம். செம்மணலில் நீங்கள் பதித்த காலடியே திரும்பும் வழி; காற்று அடித்தால் அது அழிந்துவிடும். அந்தக் காற்றைத்தான் விளக்கு எண்ணெய்போல உங்கள் விளையாட்டுக்கு அளவுகோலாக்க வேண்டும். நெடுநேரம் ஓரிடத்தில் நின்றால் பின்னால் தடம் இருக்காது. சில நேரம், நீங்கள் நடக்காத இடத்திலும் ஒரு தடம் இருக்கட்டும்.

கருவிகளுக்குப் பணம் தடையில்லை. விளையாட்டுகளை உருவாக்க உதவும் கோடாட் மென்பொருள் முற்றிலும் இலவசம். அன்ரியல் எஞ்சினிலும் விளையாட்டின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டும் வரை உரிமத்தொகை கட்ட வேண்டியதில்லை. இணையத்தில் கிடைக்கும் ஓநாய் ஊளையையும் வெளிநாட்டு இடியோசையையும் மட்டும் வாங்கிச் சேர்க்காதீர்கள். ஆடிக்காற்று வீசும் நாளில் பனங்காட்டுக்குள் போய், மரத்தோடு தொங்கும் காவோலைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசையைக் கைப்பேசியிலாவது பதிவு செய்யுங்கள். ஆள் நடந்து வருவதுபோலவே இருக்கும், திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். போகும்போது தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழி தெரிந்த பனையேறி ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த ஓசையை எனக்கும் அனுப்பி வையுங்கள்.