சர்வேயில் சொல்லும் மனநோய்க் கணக்கை நம்பலாமா?

மூணாறு எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) டாக்டர் அல்லாதவர் கேள்வித்தாளை வாசித்து மனச்சோர்வு என்று குறித்துக்கொண்டு போவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிபார்க்க வழி இருக்கிறது. கேள்வித்தாளில் நோய் உண்டு என்று முடிவு வந்தவர்களில் சிலர், இல்லை என்று முடிவு வந்தவர்களில் சிலர், இவர்களிடம் முதல் முடிவு தெரியாத ஒரு மனநல மருத்துவர் சீக்கிரமே மறுபடி பேசுவார், அப்புறம் இரண்டு முடிவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பார்கள். இல்லை என்று வந்தவர்களை விட்டுவிட்டால் தவறவிட்டது எவ்வளவு என்றே தெரியாது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. 1000 பேரில் 20 பேருக்குத்தான் நோய் என்று வையுங்கள், மீதிப் பேரில் 5 சதவீதத்தைத் தவறாகக் குறித்தாலே நோய் இல்லாத 49 பேர் கணக்கில் வீணாகச் சேர்ந்து, உண்மையான 20 பேரைவிட அதிகமாகிவிடுவார்கள். மலையாளத்தில் மட்டும் சரிபார்த்த கேள்வித்தாளைத் தமிழ்த் தொழிலாளர்களிடம் கொண்டுவந்தால் நான் ஏற்கமாட்டேன், இங்கே தமிழிலேயே மறுபடி சோதிக்க வேண்டும்.