மஸ்கட்டில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு மாண்டிசோரிக் கல்வியை எப்படி அறிமுகப்படுத்துவது?

விளக்கவுரை வேண்டாம். ஒருவரை வகுப்பின் மூலையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார வையுங்கள். என் பதில் இவ்வளவுதான். இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

மாண்டிசோரி முறையில் பிள்ளை பொருட்களைக் கையாண்டும், தண்ணீர் எடுத்து ஊற்றுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்தும் தானாகவே கற்கும். நீங்கள் அங்கே சின்னதாக ஒரு வகுப்பு தொடங்கியிருப்பீர்கள், "எப்போ எழுத ஆரம்பிப்பான்?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். தக்கலைக்குப் பக்கத்தில் நான் தொடங்கியபோது பன்னிரண்டு பிள்ளைகள். மாதம் ஒரு கூட்டம் போட்டேன். 1907 ஜனவரி 6-ல் ரோமின் சான் லொரென்சோவில், கூலிவேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது இந்த முறை, பணக்காரர்களுக்கானதல்ல என்றெல்லாம் தொண்டை கட்டப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜூனில் ஐந்து பேர் டி.சி. வாங்கிப் போனார்கள்.

ஆறாவதாக வந்தவர் ஒரு பாட்டி. மகன் துபாயில், மருமகளும் அங்கேதான். பேரனை வளர்ப்பது இவர். அண்டி ஆபீஸில் முப்பது வருடம் கிரேடிங்கில் இருந்தவர். (மற்ற ஊர்க்காரர்களுக்கு: முந்திரி ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கிரேடிங் என்றால் பருப்பை அளவுவாரியாகப் பிரிப்பது.) வாசலிலேயே, "பீஸையும் வாங்கிக்கிட்டு பிள்ளைய தண்ணி கோர வைக்கியளா டீச்சர்?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதில் சொல்லத் தெம்பில்லாமல், "உள்ளே வந்து இருங்க பாட்டி" என்று ஒரு ஸ்டூலைப் போட்டேன்.

பேரன் உருளைப் பலகையை எடுத்து வந்தான். பத்துக் குழி, பத்து உருளை, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. ஒன்றை இடம் மாற்றிப் போட்டாலும் கடைசியில் ஒன்று குழியில் சேராமல் நிற்கும். அவனுக்கும் நின்றது. நான் எழுந்து போகவில்லை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான், விரலால் குழியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தான், மறுபடி போட்டான். மூன்றாவது தடவை எல்லாம் பொருந்தின. உடனே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான்.

பாட்டி ஸ்டூலை விட்டுத் தரையில் இறங்கி உட்கார்ந்திருந்தார். "இது எங்க கிரேடிங் மேசையில்லா டீச்சர்! இருநூத்தி நாப்பதயும் முந்நூத்தி இருபதயும் கண்ணு பாக்கதுக்கு முன்ன கை பிரிச்சிரும். இத பேசிச் சொல்லித்தர முடியாது."

ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். நான் பத்துக் கூட்டத்தில் சொல்ல முடியாததை அவர் ஒரே மூச்சில் சொன்னார். அடுத்த வருடம் அவரோடு வேலை பார்த்த பெண்களின் பேரப்பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்தார்கள்.

வகுப்பில் பார்வையாளரை உட்கார வைத்தால் பிள்ளைகளின் கவனம் சிதறும் என்று முறையாகப் பயின்றவர்கள் சொல்லலாம். நானும் பயிற்சி பெற்றவள்தான். ஒரே ஒருவர், பேசாமல், தாழ்வான இருக்கையில் என்றால் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுகிறார்கள்.

"வெளிநாட்டுச் சரக்கு" என்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் தமது 69-வது வயதில் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அவர் இத்தாலிய மொழியில் பேசப் பேச மகன் மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். போர் வந்து 1940-ல் மரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. மரியோ விடுதலையான பிறகும் இருவரும் இங்கேயே தங்கிப் பயிற்சி கொடுத்தார்கள், கொடைக்கானலிலும் இருந்தார்கள். இந்த முறையின் ஒரு பகுதி நம் மலையில் வளர்ந்தது.

கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதற்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் என் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, விலகியபோது ஏழு மாதம் இழுத்தடித்தார்கள். மழலையர் ஆசிரியைதானே, எங்கே போய்விடுவாள் என்ற நினைப்பு. நீங்கள் ஆள் வைத்தால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மஸ்கட்டில் வெள்ளி, சனி விடுமுறை என்பதால் பெற்றோர் கூட்டத்தை அன்றைக்கு வைக்கத் தோன்றும். வேண்டாம், அன்று பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். வேலை நாளில் ஒரு நாளைக்கு ஒருவராகக் கூப்பிடுங்கள். அம்மா அப்பாவுக்கு லீவு கிடைக்காவிட்டால், ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கும் பாட்டியைக் கூப்பிடுங்கள்.